வில்லும் தட்டுக்கழியும்: ஆடலாசான் வடிவேலு

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலை நோக்கி அமைந்த ஊர் விழிஞ்ஞம். ஆய் மன்னர்களின் காலத்தில் அது பெயர்பெற்ற துறைமுகமாக விளங்கிற்று. பாண்டியரும் சோழரும் அதன்மேற் படை நடத்தினர். 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் புதிய ஆழ்கடல் துறைமுகம் ஒன்று அங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வூரிலே ஒரு பாறையைக் குடைந்து அமைத்த மிகச் சிறிய குகைக்கோயில் ஒன்றுண்டு. அது 8-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது என்பர் தொல்பொருள் அறிஞர். குகையினுள்ளே இருப்பது வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தியின் உருவம். வெளிச்சுவரிலே சிவபெருமானும் உமையும் புடைப்புச் சிற்பமாக எழத் தொடங்கி, முற்றுப்பெறாமல் நிற்கின்றனர். உளி ஏன் பாதியில் நின்றதென்று எவரும் எழுதி வைக்கவில்லை.

தட்சிணாமூர்த்தி ஆசிரியர்க்கெல்லாம் ஆசிரியர். சொல்லாமற் சொல்லிக் கொடுப்பவர். இசைக் கருவியை மடியில் தாங்கிய ஓர் ஆசிரியர், அவருக்கு வெளியே முற்றுப்பெறாத ஒரு வேலை. இவ்விரண்டையும் ஒருங்கே காணும்பொழுது, அதே நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஓர் ஆடலாசானின் நினைவு நமக்கு எழுகிறது. அவர் பெயர் வடிவேலு. தஞ்சை நால்வர் என்று இசையுலகமும் நாட்டிய உலகமும் போற்றும் சகோதரருள் இளையவர் அவர். அவருடைய வாழ்வையும் தொழிலையும் பற்றியே நாம் இங்கே பேசப் புகுகிறோம். அவர் வகுத்த கலை ஓரிடத்தில் ஏன் வாடிற்று, மற்றோரிடத்தில் ஏன் தழைத்தது என்னும் கேள்விக்கும் அவ்வாழ்விலிருந்தே விடை தேட முயல்கிறோம்.

நட்டுவனார் குலத்திற் பிறந்தவர்கள் இந்நால்வரும். தந்தையார் சுப்பராயன், தஞ்சை அரண்மனையைச் சார்ந்த நட்டுவனார். மூத்தவர் சின்னையா 1802-லும், பொன்னையா 1804-லும், சிவானந்தம் 1808-லும், வடிவேலு 1810-லும் பிறந்தனர் என்பர். அக்காலத்தில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர். அவருடைய அவை கல்விக்கும் கலைக்கும் புகலிடமாயிருந்தது. சகோதரர் நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரை அடுத்து இசை பயின்றனர். குருவிடம் அவர்கள் கொண்ட அன்புக்கு நவரத்தின மாலை என்னும் ஒன்பது கிருதிகள் இன்றளவும் சான்றாக உள்ளன. ஒருமுறை கேட்டதைக் கேட்டவாறே பாடும் ஆற்றல் வடிவேலுவிடம் இருந்ததாக வழிவழிச் செய்தி கூறுகிறது.

நட்டுவனார் என்னும் சொல்லின் முழுப்பொருளை இக்காலத்தார் உணர்தல் வேண்டும். மேடையின் ஓரத்தில் அமர்ந்து தாளம் போடுபவர் என்று மட்டும் கருதுதல் குறையாகும். அவர் பாடகர், பாடலாசிரியர், தாளக் கணக்கில் வல்லவர், உடலின் இயல்பறிந்த பயிற்சியாளர். விடியற்காலையில் சிறுமியரை வரிசையில் நிறுத்தி, ஒரு குறுங்கழியால் மரப்பலகையைத் தட்டிச் சொற்கட்டைச் சொல்லுவார். சொல்லுக்கேற்பக் கால் தரையை அறையும். முழங்கால்கள் இருபுறமும் விரிந்து வளைய, முதுகு நேராக நிற்பதே அரைமண்டி. அந்நிலையில் நின்று முதற்காலத்திலும், அதனினும் இருமடங்கு விரைவிலும், நான்மடங்கு விரைவிலும் ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கழியின் ஓசை தவறாது. கால் தவறினால் மீண்டும் தொடக்கத்திலிருந்து. அந்தத் தட்டுக்கழிதான் நட்டுவனாரின் எழுத்தாணி. மாணவியின் உடலே அவர் எழுதும் ஏடு.

நால்வருடைய பெரும்பணி இந்த ஏட்டை ஒழுங்குபடுத்தியதேயாகும். அவர்களுக்கு முன்னரே அடவுகளும் உருப்படிகளும் வழக்கில் இருந்தன. ஆயினும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் நிரல் இன்று நாம் காணும் வடிவில் நிலைபெற்றது அவர்களால் என்று நாட்டிய நூலோர் கூறுவர். இந்த நிரலின் நுட்பம் எளிதில் விளங்கக்கூடியதே. அலாரிப்பில் இராகமில்லை, பொருளில்லை. கண்ணும் கழுத்தும் தோளும் காலும் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன. ஜதிஸ்வரத்தில் இசை வந்து சேர்கிறது. சப்தத்தில் சொல்லும் பொருளும் வருகின்றன. வர்ணத்தில் தாளக் கணக்கும் பாவமும் மாறிமாறி வந்து, ஆடுபவளின் முழுத் திறனையும் சோதிக்கின்றன. அதன்பின் பதத்தில் கால் ஓய்கிறது, முகம் பேசுகிறது. முடிவில் தில்லானா களிப்போடு நிறைவு செய்கிறது. காண்பவர்க்கு இது ஒரு கச்சேரி. கற்பவர்க்கோ ஓர் ஏணி. எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் படிகள் வகுக்கப்பட்டமையால், ஓர் ஆசிரியர் மறைந்தாலும் அடுத்தவர் எந்தப் படியிலிருந்து தொடங்குவது என்று திகைக்க வேண்டியதில்லை.

இதே காலத்தில், கடல்கள் பல கடந்த இத்தாலி நாட்டிலும் இதனை ஒத்த வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. நேபிள்ஸ் நகரிற் பிறந்த கார்லோ பிளாசிஸ் என்பார் 1820-ஆம் ஆண்டில் மிலான் நகரில் ஒரு நூல் வெளியிட்டார். பாலே நடனத்தின் நிலைகளையும் பயிற்சி முறையையும் விளக்கும் நூல் அது. 1837-ல் மிலானின் லா ஸ்காலா அரங்கைச் சார்ந்த நடனக் கல்விக்கூடத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அவருடைய மனைவி அன்னுன்சியாத்தா ராமச்சினியும் அங்கே அவரோடு கற்பித்தார். அவ்வம்மையாரும் மேடையில் ஆடிப் பயின்ற நடனமணியே. அமாலியா ஃபெராரிஸ், கரோலினா ரொசாத்தி முதலியோர் அக்கூடத்தாரின் புகழை ஐரோப்பிய நகரங்களுக்குக் கொண்டு சென்றனர்.

பிளாசிஸ் தம் மாணவர்க்குச் சிற்பங்களைக் காட்டிப் பாடம் சொன்னவர். ஒற்றைக் காலில் நின்று மறுகாலைப் பின்னே மடித்துயர்த்தும் பாலே நிலை ஒன்றை, ஜியோவன்னி தா போலோஞா என்னும் சிற்பி வார்த்த மெர்க்குரி தேவனின் உருவத்தோடு அவர் பொருத்திக் காட்டினார். கோயிற் சிற்பத்தையும் ஆடல் நிலையையும் ஒப்பிட்டு நோக்கும் நமக்கு இது புதிதன்று. முழங்கால்களை இருபுறமும் விரித்து நிற்றல் இரு மரபுக்கும் பொதுவானது. சிறு வளைவுகளிற் தொடங்கி, மெல்லிய அசைவுகளைக் கடந்து, விரைந்த பாய்ச்சல்களில் முடியும் பாடமுறையும் நம் ஏணியை ஒத்ததே. வேறுபாடும் உண்டு. பாலே மண்ணைவிட்டு மேலெழ விழைகிறது. நம் ஆடல் மண்ணை அறைந்து அதனோடு பேசுகிறது. பாலே ஆசிரியரின் கையிலும் தாளம் தட்டும் கோல் இருந்தது. ஷூல் பெரோ என்னும் முதிய ஆசிரியர் நீண்ட கோலொன்றை ஊன்றி வகுப்பின் நடுவே நிற்பதை, 1874-ஆம் ஆண்டில் முடித்த ஓர் ஓவியத்தில் தெகா என்னும் பிரெஞ்சு ஓவியர் தீட்டியிருக்கிறார். ஐரோப்பிய நடன ஆசிரியர் பலர் தாமே சிறு வயலினை வாசித்துப் பாடம் நடத்துவதும் அக்கால வழக்கம்.

வயலின் என்றதும் நாம் மீண்டும் வடிவேலுவிடம் வந்து சேர்கிறோம். சரபோஜி மன்னர் 1832-ல் மறைந்தார். தஞ்சை அரசவையோடு சகோதரர்க்குப் பிணக்கு நேர்ந்து, அவர்கள் ஊரைவிட்டு வெளியேறினர் என்பது மரபு. அவர்களை வரவேற்றவர் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள். 1813-ல் பிறந்த அம்மன்னர் 1829-ல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபொழுது அவருக்கு வயது பதினாறு. அவருக்குக் கல்வி புகட்டியவருள் தஞ்சாவூர் சுப்பாராவ் ஒருவர். அவரே பிற்காலத்தில் திவானாகவும் இருந்தார். ஆதலின் தஞ்சைக் கலை அவ்வரசர்க்கு அந்நியமன்று. வடமொழி, மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழிகளில் பத்மநாபன் பெயரை முத்திரையாக வைத்து அவர் பாடல் இயற்றினார். வடிவேலுவோ மன்னரைவிட மூன்றே வயது மூத்தவர். இருவரும் இளைஞர். புரவலரும் புலவரும் என்பதனினும், கூடித் தொழில் செய்யும் இரு கலைஞர் என்றே அவர்களை எண்ணத் தோன்றுகிறது. சில வர்ணங்களையும் பதங்களையும் இயற்றியவர் மன்னரா, வடிவேலுவா என்று ஆராய்ச்சியாளர் இன்றும் வழக்காடுகின்றனர். இருவர் உழைப்பும் அவ்வளவு நெருங்கிக் கலந்துவிட்டது!

ஐரோப்பியர் கப்பலில் வந்த வயலினைக் கருநாடக இசைக்கு இணக்கியவருள் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முன்னவர். வடிவேலுவும் அக்கருவியை மேனாட்டு முறையிற் கற்று, நம் இசைக்கு உரியதாக்கினார். மேனாட்டார் நின்றோ நாற்காலியில் இருந்தோ, தோளில் அதைத் தாங்கி வாசிப்பர். நம்மவர் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி, உடலை மார்போடு அணைத்துக்கொண்டனர். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையினின்று விடுபட்டது. விரல் தந்தியின்மேல் வழுக்கிக் கமகம் எழுப்ப இயன்றது. தந்திகளின் சுருதியையும் ஸட்ஜம், பஞ்சமம் என்னும் நம் ஆதார ஸ்வரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். வீணையின் நாதம் மீட்டியவுடன் தேயத் தொடங்கும். வில் இழுக்கும்வரை வயலினின் நாதம் தேயாது. பாடுவோர் குரலைத் தொடர்ந்து செல்ல அதனினும் ஏற்ற துணை அரிது. அதனாலன்றோ அது இன்று நம் கச்சேரிகளில் நீங்காத இடம் பெற்றுவிட்டது! 1834-ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் வடிவேலுவுக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்துப் பெருமை செய்தார்.

தியாகராஜ சுவாமிகளைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துவரும்படி மன்னர் வடிவேலுவையே அனுப்பினார் என்றொரு செய்தி வழங்குகிறது. திருவையாற்றில் வடிவேலு வயலின் வாசிக்க, சுவாமிகள் மகிழ்ந்தாராம். ஆனால் அரசவைக்கு வர இசையவில்லையாம். அது நடந்தவாறே சொல்லப்படுகிறதா என்று நாம் உறுதி கூறுவதற்கில்லை. ஆயினும் அவ்வவையில் வடிவேலுவுக்கிருந்த மதிப்பை அக்கதை காட்டுகிறது.

திருவனந்தபுரத்தில் வடிவேலுவின் நாட்டியப் பணி இருவகையாக அமைந்தது. தமிழகத்துச் சதிராட்டத்திற்குரிய உருப்படிகளை மன்னரோடு கூடிப் பெருக்கியது ஒன்று. மலையாள நாட்டுப் பெண்டிர் ஆடிய மோகினியாட்டத்திற்கு நிரல் வகுத்தது மற்றொன்று. சொற்கட்டு, ஜதிஸ்வரம், பதவர்ணம், பதம், தில்லானா என்று மோகினியாட்டத்தில் வழங்கும் வரிசையை நோக்கினால், தஞ்சை ஏணியின் படிகள் அங்கும் தெரிகின்றன. ஆயினும் மோகினியாட்டம் தன் இயல்பை இழந்துவிடவில்லை. உடல் அலைபோல் அசையும் அதன் மென்மை மலையாள மண்ணுக்கே உரியது. பிற மரபின் உயிரைக் கெடுக்காமல் அதற்கு எலும்பமைத்துக் கொடுப்பது நல்லாசிரியரின் இலக்கணமன்றோ?

இவ்வளவும் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தது. வடிவேலு 1845-ஆம் ஆண்டையொட்டி, நாற்பது வயதைக் காணாமலே மறைந்தார். 1846 டிசம்பரில் சுவாதித் திருநாளும் மறைந்தார். அவருக்கு வயது முப்பத்துமூன்று. அடுத்து ஆட்சிக்கு வந்த உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா கதகளியைப் பெரிதும் ஆதரித்தவர். அதனைக் குறையென்று கூறுவதற்கில்லை. கதகளி அவரால் வளம் பெற்றது. ஆனால் மோகினியாட்டத்தை ஆட வல்ல பெண்டிர் அரண்மனை ஆதரவை இழந்தனர். ஆசிரியர் இல்லை, அவையும் இல்லை. நூற்றாண்டின் இறுதிக்குள் அக்கலை நலிந்து, அதனை ஆடியவரும் இழிவாகப் பேசப்படும் நிலை வந்தது. விழிஞ்ஞத்துச் சுவரில் உளி நின்றதுபோல, திருவனந்தபுரத்தில் அந்த வேலையும் பாதியில் நின்றது.

இதனோடு மிலானையும் தஞ்சையையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். மிலானில் 1813 முதற்கொண்டே கல்விக்கூடம் ஒன்று நிலைபெற்றிருந்தது. பிளாசிஸ் தம்பதியர் பொறுப்பினின்று விலகிய பின்னும் அது நின்றது. பிளாசிஸிடம் பயின்ற ஜியோவன்னி லெப்ரி, என்ரிகோ செக்கெட்டி என்பாரைப் பயிற்றினார். செக்கெட்டி ரஷ்ய நாடு சென்று, உலகப் புகழ்பெற்ற அன்னா பாவ்லோவாவுக்குக் கற்பித்தார். தஞ்சையில் கல்விக்கூடம் இல்லை. ஆனால் குடும்பம் இருந்தது. பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சை மரபைத் தொடர்ந்தனர். சின்னையா மைசூர் அரசவைக்குச் சென்றார். அவர்கள் வழியில் 1869-ல் பிறந்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தட்டுக்கழி கைமாறிக் கைமாறி அவரிடம் வந்தது. திருவனந்தபுரத்தில் இருந்ததோ ஓர் அரசரின் அன்பு. அது எவ்வளவு பெரிதாயினும் ஓர் ஆயுளின் அளவே நீளமுடையது. மன்னரின் அன்பில் மட்டும் தொங்கிய கலை மன்னரோடு சாய்ந்தது. கூடத்திலும் குடும்பத்திலும் வேரூன்றிய கலை பிழைத்தது.

மிலான் வழியும் தஞ்சை வழியும் ஒருவரிடம் வந்து கூடியமை வியப்புக்குரியது. அவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1920-களின் இறுதியில் அவர் பாவ்லோவாவோடு நட்புக்கொண்டு, பாவ்லோவாவின் குழுவைச் சார்ந்த க்ளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தம் நாட்டுக் கலையை நாடும்படி அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. ருக்மிணி தேவி பின்னர் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நாட்டியம் கற்று, 1935-ல் அடையாற்றில் ஆடினார். 1936-ல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். பிளாசிஸின் வழியும் வடிவேலுவின் உடன்பிறந்தார் வழியும், ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின், சென்னைக் கடற்கரையில் சந்தித்தன. மலையாள நாட்டிலும் விடிவு பிறந்தது. மகாகவி வள்ளத்தோள் 1930-ல் தோற்றுவித்த கேரள கலாமண்டலத்தில் கல்யாணி அம்மா என்னும் ஆசிரியை மோகினியாட்டத்தை மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். முதியோர் சிலரின் உடலிலும் நினைவிலும் எஞ்சியிருந்த உருப்படிகளிலிருந்தே அக்கலை மறுபடி தளிர்த்தது.

இங்கே ஒரு குறையை நாம் மறைத்தல் ஆகாது. மிலான் நகரத்து நடனமணிகளின் பெயரை அரங்க அறிவிப்புகளும் பத்திரிகைகளும் காத்துத் தந்திருக்கின்றன. வடிவேலு இயற்றிய வர்ணத்தை முதன்முதல் ஆடிய பெண் யார் என்று கேட்டால் நம்மிடம் விடையில்லை. அரசர் பெயர் தெரியும், ஆசான் பெயர் தெரியும், பரிசுப் பொருளின் ஆண்டும் தெரியும். அரைமண்டியில் முழங்கால் நோக நின்றவள் பெயர் நம் நாவில் இல்லை. அவள் வழிவந்த பெண்டிர் பிற்காலத்தில் பட்ட துன்பமும் பெரிது. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கம் திருவிதாங்கூரில் சேது லட்சுமி பாய் ரீஜெண்டாயிருந்த காலத்தில் (1924–1931) தடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நெடிய முயற்சிக்குப்பின் 1947-ல் தடைச்சட்டம் வந்தது. சிறுமியரைக் காத்த அச்சட்டம் நன்றே. எனினும் பழைய மரபில் வந்த பெண்டிர் பலர் மேடையை இழந்தனர். அவர்கள் கலையோ மேடையேறிப் புகழ் பெற்றது. கௌரி அம்மாள் அம்மரபில் வந்து, கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். தாம் அறிந்ததைத் தம் குலத்தவளான பாலசரஸ்வதிக்கும், அம்மரபுக்கு வெளியே பிறந்த ருக்மிணி தேவிக்கும் வேறுபாடின்றி வழங்கிய அவ்வம்மையாரைப் போன்றோரை நன்றியோடு நினைத்தல் நம் கடமை.

வடிவேலு பெற்ற தந்த வயலினைத் தஞ்சையில் அவர் குடும்பத்து வழியினர் போற்றிக் காத்து வந்தனர். அது காணத்தக்க பொருள்தான். ஆனால் அவர் விட்டுச்சென்ற செல்வம் அதுவன்று. இன்று சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ ஒரு சிறுமி அலாரிப்பின் முதற்சொல்லுக்குக் கண்ணைத் திருப்பும்போது, அவர் வகுத்த ஏணியின் முதற்படியில் கால் வைக்கிறாள். அவளுக்கு அவர் பெயர் தெரியாமலிருக்கலாம். தெரிவிப்பது நம் பொறுப்பு. அதனோடு, அவள் முன்னே அமர்ந்து தட்டுக்கழியை ஏந்தும் ஆசிரியரின் பெயரையும், அவர்க்குக் கற்பித்தவர் பெயரையும் இன்றே எழுதி வைத்தலும் நம் பொறுப்பேயாகும். விழிஞ்ஞத்துக் குகையின் உளிக்காரன் பெயர் போயிற்று. வடிவேலுவின் வர்ணத்தை ஆடியவள் பெயர் போயிற்று. இனியொரு பெயரும் அவ்வாறு போகாதிருக்கட்டும்.